பதினொரு மணி பெல்

அன்றைக்கு மாடி அறையில் இருந்தவர்கள்: முதலாளி. கணக்கு எழுதும் சாமி. பில் போடும் பெண். ஃபோன் மாட்ட வந்தவர். சுவரில் மாலை போட்ட படத்தில் முதலாளியின் அப்பா, பெரிய முதலாளி. வாசலோரம் துடைப்பத்தோடு நான்.

மாட்ட வந்தவர் அட்டைப் பெட்டியைப் பிரித்து அதைச் சாமியின் மேசையில் வைத்தார். கறுப்பு ஃபோன். நம்பர் பட்டன்கள் போக வலது பக்கம் இரண்டு வரிசையில் நீளப் பட்டன்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கடுகளவு லைட். மேலே சின்னக் கண்ணாடி, அதில் எழுத்து ஓடியது. சாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது ஃபோனா, ஹார்மோனியமா?" என்றார். பில் போடும் பெண் சிரித்துவிட்டாள். முதலாளி சிரிக்கவில்லை. "சாமி, இனி எல்லா காலும் உங்க மேசைக்குத்தான் வரும். நீங்க எடுத்து ஆளுக்காளு கொடுக்கணும். ஒரு வாரத்துல படிச்சிடணும், கேட்டீங்களா" என்றார். "படிச்சுட்டாப் போச்சு" என்றார் சாமி. அப்படிச் சொன்னாலும் கையை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை.

மலையாள நாட்டில், சாலை என்கிற கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை அது. கீழே மூட்டைகள், மேலே ஆபீஸ். நான் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு இந்த ஊருக்கு வந்தார், கூட வந்தேன். அவர் இறந்துபோன பிறகு இந்தக் கடையில் பெருக்கவும் டீ போடவும் சேர்ந்தேன். சாமி என்றால் சாமியார் இல்லை. அக்கிரகாரத்துக்காரர்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கரமனையில் வீடு. பெரிய முதலாளி காலத்திலிருந்து கணக்கு எழுதுகிறவர். கோபம் வந்தால் பேனாவை மூடி வைப்பார். அவ்வளவுதான் அவர் கோபம்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. காலை பதினொரு மணிக்கு அடிக்கும் பெல்லை யாரும் எடுக்க மாட்டோம். சாமியின் வீட்டம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காலையில் ஒரு பெண் வந்து குளிப்பாட்டி விட்டுப் போவாள். மதியம் சாமி பஸ் ஏறிப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருவார். மற்ற நேரம் அந்த அம்மா தனி. பக்கத்து வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன, பிள்ளைகள் வெளியூரில். கட்டிலோரம் ஒரு ஃபோன் வைத்து, ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் கடை நம்பருக்கு வருகிற மாதிரி சாமி செய்து வைத்திருந்தார். மறுபடி அமுக்கினால் நின்றுவிடும். பதினொரு மணிக்கு அந்த அம்மா இடது கையால் அமுக்குவாள். இரண்டு பெல் அடித்து நின்றால் சுகம் என்று அர்த்தம். நிற்காமல் மூன்றாவது அடித்தால் கிளம்பி வா என்று அர்த்தம்.

கொள்முதல் பார்ட்டி யாராவது அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் மூன்றாவது பெல்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பெரிய முதலாளியே ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டோடு நின்றதும், "உம்ம வீட்டுல சுகம்தான் ஓய், எழுதும்" என்பார். சாமி தலை நிமிராமல் எழுதுவார். என் நினைவில் மூன்றாவது பெல் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. அந்த அம்மா கட்டிலிலிருந்து சரிந்து சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். சாமி செருப்பு போடாமல் ஓடினார். போய்த் தூக்கிவிட்டார். மறுநாள் வந்து, "ஒண்ணுமில்லை, என்னைப் பார்த்ததும் ஒரு முறை முறைச்சா பாரு, இவ்வளவு நாழி எங்கே போனேன்னு" என்று சொன்னார். அந்த முறைப்பு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

புது ஃபோன் வந்தபோது எங்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. மாட்ட வந்தவர் மலையாளி, தமிழ் சுமாராகப் பேசுவார். "சாமி, லைன் வந்தா இந்த லைட்டு மின்னும். எடுத்துட்டு ஹோல்டு. பின்னே ஆளோட பட்டன். அவங்க ஹலோ சொன்ன பின்னேதான் நீங்க வைக்கணும். முந்தி வெச்சா போச்சு" என்றார். சாமி அதைத் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது சரியாக இருக்கும், கை செய்யும்போது மாறிவிடும். முப்பது வருஷம் பேச்சு முடிந்ததும் ரிசீவரை வைத்த கை அது. ஹோல்டை அமுக்கியதும் தன்னால் போய் வைத்துவிடும். நெல்லுக்காரர், லாரிக்காரர், வங்கிக்காரர் எல்லோரும் அப்படி நடுவில் அறுந்தார்கள். முதலாளி உள்ளே இருந்து, "யாரு சாமி அது? எங்க போச்சு?" என்று கத்துவார். "இங்கேதான் வச்சேன், காணலை" என்பார் சாமி. பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொள்வாள்.

எனக்கும் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. காலையில் துடைக்கும்போது துணி எதிலாவது பட்டு ஃபோன் தானாக ஊளையிடும். முதல் நாள் பயந்து தள்ளி நின்றேன். பிறகு கீழ் வரிசையில் கடைசிப் பட்டனைத் தொட்டால் நிற்கும் என்று தெரிந்தது. எழுத்து தெரியாது, இடம் தெரியும். என் படிப்பு அதோடு முடிந்தது. சாமியின் படிப்பு முடியவில்லை. டீ கொண்டுபோகும்போது பார்ப்பேன், ஃபோன் சும்மா இருக்கும்போது அதன் மேல் விரலை ஓட்டி, அமுக்காமல், மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பார். "பரீட்சைக்குக்கூட இப்படிப் படிக்கலைம்மா" என்றார் ஒருநாள். பதினொரு மணி பெல் மட்டும் தப்பாமல் அவர் மேசையிலேயே அடித்தது. இரண்டு அடித்து நின்றது. அதுவரைக்கும் குறை இல்லை.

பிறகுதான் அந்த இன்டர்காம் காரியம் நடந்தது. முதலாளி ஏதோ ஒரு கால் அறுந்ததற்குக் கடுமையாகப் பேசிவிட்டார். சாமி பேனாவை மூடினார். கீழே சரக்கு எண்ணப் போயிருந்த பெண்ணைக் கூப்பிட எண்ணிப் பட்டனை அமுக்கி, "இவன் கத்தறான் பாரு, அப்பன் இருந்த நாற்காலிக்கே கேடு" என்றார். அமுக்கியது முதலாளி அறைப் பட்டன். அது ஸ்பீக்கரில் உரக்கக் கேட்டது. கதவு திறந்தது. முதலாளி வந்து நின்றார். திட்டவில்லை. "சாமிக்கு இது கஷ்டமாத்தான் இருக்கு அல்லே. விடுங்க, வழி செய்யலாம்" என்றார். சாமியின் முகம் அன்று சாயங்காலம்வரை நிமிரவில்லை.

வழி என்பது ஒரு குரல். யார் கூப்பிட்டாலும் பெல் அடிக்குமுன் அந்தக் குரல் எடுத்துக்கொள்ளும். வணக்கம் சொல்லும். விற்பனைக்கு ஒன்றை அமுக்கு, கணக்குக்கு இரண்டை அமுக்கு என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் சொல்லும். எதையும் அமுக்காவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிடும். அப்படி வைப்பது சரியா என்று மாட்ட வந்தவரே கேட்டார். "ஒண்ணும் அமுக்காதவன் பார்ட்டி இல்லை" என்றார் முதலாளி. விளம்பரக்காரர்கள் தொல்லை அவருக்கு அதிகம். அவர் பார்வையில் அது நியாயம்தான்.

ஆக பதினொரு மணிக்குப் பெல் அடிப்பது நின்றது. வீட்டில் சாமி அந்த அம்மாவுக்கு இரண்டை அமுக்கச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கை ஒரு பட்டனுக்குப் பழகிய கை. அடுத்ததைத் தேடுவதற்குள் குரல் முடித்துவிடும். இவர் இங்கிருந்து கூப்பிடலாம் என்றால் வெளியே பேச முதலாளி ஒரு ரகசிய நம்பர் போட்டு வைத்திருந்தார். மொபைல்களை வேலை நேரத்தில் வாங்கி அணைத்து வைத்துவிடுவார்கள், எல்லோருக்கும் ஒரே சட்டம். கடைசியில் சாமியே ஒன்று கண்டுபிடித்தார். குரல் எடுக்கும்போது சத்தம் வராது, ஆனால் முதல் லைட் மின்னும். மின்னி உடனே அணைந்தால் அவள். பத்தே முக்காலுக்கே கணக்கை ஓரம் தள்ளிவிட்டு அந்தக் கடுகளவு லைட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் சிமிட்டக்கூட மாட்டார். மின்னி அணைந்ததும் மூச்சு விடுவார். "இருக்கா" என்பார். டீயை அதற்குப் பிறகுதான் தொடுவார். ஆறின டீ.

பதினொரு மணிக்கு லைட்டைப் பார்க்கலாம். நாள் முழுக்க யார் பார்ப்பது? சாமி அதை முதலாளியிடம் போய்ச் சொன்னார். நான் அங்கே தம்ளர் எடுத்துக்கொண்டிருந்தேன். "எங்காத்து நம்பர் ஒண்ணு மட்டும் குரலுக்குப் போகாம நேரே அடிக்கற மாதிரி வைக்க முடியுமோ?" என்று கேட்டார். இன்டர்காமில் பேசியதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போய் ஒன்று கேட்டது அதுதான் முதல். முதலாளி உடனே சம்மதித்தார். "அதுக்கென்ன சாமி, அவர் வரட்டும், செஞ்சிடலாம்." மாட்ட வந்தவர் திங்கள் வருகிறேன் என்றார். திங்கள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. அவருக்கு ஊர் முழுக்க ஃபோன்.

வீட்டம்மா இறந்தது ஒரு வியாழக்கிழமை. முதலாளிதான் காரில் சாமியைக் கொண்டுபோனார். போனபோது உடம்பில் சூடு இருந்தது என்று முதலாளி சொன்னார். கை ஃபோனின் மேல் இருந்தது என்றும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லாமல் அவராலும் இருக்க முடியவில்லை போல.

காரியமெல்லாம் முடித்துச் சாமி வேலைக்குத் திரும்பினார். வீட்டில் இருந்து என்ன செய்வது என்றார். இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு கால்கூட அவர் கையில் அறுந்ததில்லை. ஹோல்டு, டிரான்ஸ்பர் எல்லாம் பேரேட்டைப் பார்த்தபடியே செய்வார். பதினொரு மணி ஆனால் எழுந்து பின்பக்கக் குழாயில் முகம் கழுவிவிட்டு வருவார். முதலாளியும் குரலை மாற்றச் சொல்லிவிட்டார். ஒன்றும் அமுக்காதவனும் இப்போது மேசைக்கு வருகிறான். பிறகு சாமி மகனோடு வடக்கே போனார். இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. நான் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். காலையில் அந்த ஃபோனைத் துடைக்கிறேன். மேசையில் வேறு ஆள். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

சாமி எல்லாக் கணக்கும் கேட்கிறவர். ஒரு மூட்டை குறைந்தாலும் விட மாட்டார். அந்த வியாழக்கிழமைக் கணக்கை மட்டும் அவர் கேட்கவே இல்லை. மாட்ட வந்தவரும் நானும் சொல்லவும் இல்லை. அன்று சாமி மதியம் வீட்டுக்குப் போய் ஊட்டிவிட்டு, நேரே வங்கிக்குப் போய் நாலு மணிக்கு வந்தார். பில் போடும் பெண் கீழே லாரியில் இருந்தாள். முதலாளி கதவை மூடி இருந்தார். நான் பின்னால் பாத்திரம் தேய்த்துவிட்டு டீயோடு அப்போதுதான் உள்ளே வந்தேன். மாட்ட வந்தவர் கடைசியில் அன்றைக்குத்தான், சாமிக்குச் சற்று முன்னால் வந்து சாமியின் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"க்ஷமிக்கணும் சாமி, லேட்டாயிப்போச்சு. இப்போ சரியாக்கித் தரேன்" என்றார். சாமி நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். "வேண்டாம், டைப் பண்ண வேண்டாம். இன்னைக்கு ஒண்ணும் அமுக்காம போன கால் எல்லாம் இதுக்குள்ள இருக்கும்" என்று மாட்ட வந்தவர் ஒரு பட்டனை அமுக்கினார். அப்படி ஒன்று இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. கண்ணாடியில் நம்பர் வந்தது. "இதானே?"

சாமி குனிந்து பார்த்தார். "இதேதான். காத்தாலே பதினொண்ணுக்கு மின்னினது."

"பதினொண்ணு இல்லையே சாமி. மூணேமுக்கால்னு காட்டுது." அவர் கீழே அம்பு போட்ட பட்டனை அமுக்கினார். டிக் என்றது. அதே நம்பர். மறுபடி டிக். அதே நம்பர்.

சாமி நிமிர்ந்தார். முதலாளியின் கதவைக் கையால் அடித்தார், தட்டவில்லை, அடித்தார். இரண்டு பேரும் படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே கார் கிளம்பியது. மாட்ட வந்தவர் விரலை எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அமுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு டிக், அதே நம்பர். காலை பதினொரு மணிக் காலுக்கு வந்ததும் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அதுவரை நான் தட்டை ஏந்தியபடி அந்த மத்தியானக் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழு.