நாலு விரல் நீளம் கூடின கார்

அலமாரிப் பட்டறையில் அவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆறடி நாலங்குலத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சாதிப்பது? ஏணி போடாமலே மேல்தட்டுக்குத் திருகாணி முடுக்குகிற ஆள் என்று முதலாளிக்கு அவர் மேல் தனிப் பிரியம். உயரத்தால் வந்த லாபம் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இடி. நிலைப்படியில் இடி, தொங்கு விளக்கில் இடி, பேருந்தின் கூரையில் இடி.

எல்லா இடிக்கும் மேலே ஒன்று, அவருடைய சின்னக் கார். பதினாலு வருஷம் அதை ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட உடுத்தினார் என்று சொல்லலாம். உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாக வெட்டுக்கிளி மாதிரி நிற்கும். திரும்பும்போது முட்டி பட்டு வெயில் நாளில் வைப்பர் ஓடும். மனைவி பக்கத்து சீட்டில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மழை வருதா, உங்க முட்டி வருதா?" என்று கேட்பாள்.

அந்தச் சின்னக் கார் ஒரு நாள் நடுரோட்டில் மூச்சை விட்டுவிட்டது. மெக்கானிக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மூலையில், தார்ப்பாய் பாதி போர்த்தி, கருநீலத்தில் ஒரு பெரிய கார் நீட்டிப் படுத்திருந்தது. வயசு பதினெட்டு.

"இது யாரோடது?"

"ஒரு ஜட்ஜ் வச்சிருந்தது. வீட்லேர்ந்து கோர்ட்டு, கோர்ட்லேர்ந்து வீடு. வேற ஊர் உலகம் தெரியாத வண்டி" என்றான் மெக்கானிக். "புதுசுல பக்கத்துல போக முடியாத விலை. இப்ப எல்லாருக்கும் உசரமா, ஜீப்பாட்டம் வேணும். இப்படிப் படுத்தமாதிரி நீளமா இருக்கறத எவனும் சீண்டறதில்ல. உங்க சின்னக் காரைக் குடுத்துட்டு மேல கொஞ்சம் போட்டீங்கன்னா எடுத்துட்டுப் போயிடலாம்."

"நமக்கெதுக்குப்பா இவ்ளோ பெரிசு?"

"சும்மா உக்காந்து பாருங்க. உக்காந்தா தேஞ்சா போயிடும்?"

உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் வெளியே தகரம் தட்டுகிற சத்தம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி நின்றுபோனது. காலை நீட்டினார். ஒன்றும் இடிக்கவில்லை. இன்னும் நீட்டினார். அப்போதும் இடிக்கவில்லை. சந்தேகம் வந்து, கால் கட்டைவிரலால் அங்கேயும் இங்கேயும் துழாவிப் பார்த்தார். தலைக்கு மேலே ஒரு சாண் காலி. நாற்பத்தாறு வயசில் முதல் தடவையாக ஒரு காருக்குள் முழு மனுஷனாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கண்ணு கலங்குது?"

"பெட்ரோல் வாடைப்பா."

மெக்கானிக் யோக்கியன். "பெட்ரோல் நல்லாக் குடிக்கும், இப்பவே சொல்லிட்டேன். பார்ட்ஸுக்கு நாலு இடம் அலையணும். ஆனா எஞ்சின் இருக்கே, அது நம்மள வழியனுப்பிட்டுத்தான் நிக்கும்" என்றான். நெட்டையின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது.

இருந்தாலும் அவர் அவசரக்காரர் இல்லை. குடியிருப்பில் அவர் வீட்டுக்கென்று இருந்த ஷெட்டைப் போய் அளந்தார். ஐந்து மீட்டர் பதினைந்து. கார் புத்தகத்தில் ஐந்து மீட்டர் பதினொன்று என்று போட்டிருந்தது. நாலு சென்டிமீட்டர் மிச்சம். அலமாரிக்காரனுக்கு நாலு சென்டிமீட்டர் என்பது மைதானம். சின்னக் காரைக் கொடுத்தார், பெரிய காரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி குடியிருப்பின் சந்துக்குள் திரும்பியது. முன்பக்கம் திரும்பி வெகுநேரம் கழித்துத்தான் பின்பக்கம் வந்து சேர்ந்தது. மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற வேலையில் இருப்பவள். வரிசை தவறினால் டாக்டரையே வெளியே உட்கார வைப்பாள்.

"ஏங்க, இன்னும் வருதா, அவ்வளவுதானா?" என்றாள்.

பக்கத்தில் அவள் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணாடிக்கூடு மாதிரியே ஒரு குட்டிக் கார் அவனிடம் உண்டு. "மாமா, நங்கூரம் எங்க? கண்ணாடிக் கடைக்காரன் சொல்றேன், இதப் பாக்கறதுக்குக் கண்ணாடியே தேவையில்ல. அடுத்த தெருவுலேர்ந்தே தெரியுது."

"உன் கூட்டை மொதல்ல பூதக்கண்ணாடி வச்சுத் தேடு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே நெட்டை காரை ஷெட்டுக்குள் விட்டார். மூக்கு சுவரை மெல்லத் தொட்டது. இறங்கி ஷட்டரை இழுத்தார். ஷட்டர் வந்து காரின் பின்பம்பர் மேல் உட்கார்ந்துகொண்டது. நாலு விரல் அகலத்துக்குக் கார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அளந்தீங்கதானே?" என்றாள் மனைவி.

நெட்டை பையிலிருந்து டேப்பை எடுத்தார். எடுத்ததும் முகம் செத்துவிட்டது. அந்த டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டர் எட்டு வருஷத்துக்கு முன்பே ரம்பத்தில் மாட்டி அறுந்துபோனது. "பத்துலேர்ந்து ஆரம்பிச்சுக் கடைசில பத்தைக் கழிச்சா முடிஞ்சுது" என்று சொல்லி அதையே வைத்து எத்தனையோ வீட்டு அலமாரிகளை மயிரிழை பிசகாமல் செய்தவர். ஷெட்டை அளந்த அன்று மட்டும் கழிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிற மனுஷனுக்குக் கழித்தல் வராது.

மச்சான் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் குடியிருப்பின் செயலாளர் வந்துவிட்டார். மனுஷன் கையில் எப்போதும் விதிப் புத்தகம். "ஷட்டர் தரையத் தொடணும்."

"நாலு விரல்தானே சார்."

"ஆம்புலன்ஸ் போற வழி. நாலு விரலும் வழிதான். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு கார் உள்ள போகணும், இல்ல வெளிய போகணும்."

வெளியே என்றால் எங்கே? தெருவின் இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தக்கூடாது என்று பலகை நிற்கிறது. மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஷெட்டின் பின்சுவரை இடிக்கலாமென்றால் அந்தப் பக்கம் குடியிருப்புக்கே தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அறை. காரைக் குறுக்காக நிறுத்திப் பார்த்தார். இன்னும் அரை அடி வெளியே வந்தது. பம்பரைக் கழற்றட்டுமா என்று மெக்கானிக்கைக் கேட்டார். "கழட்டலாம். பொய்ப்பல்லைக் கழட்டின வாயாட்டம் இருக்கும், பரவாயில்லையா?" என்றான். பட்டறையில் ஆளுக்கொரு யோசனை. "நடுவுல ஒரு துண்டு அறுத்துட்டு ஒட்டிடுவோம்ண்ணே. அலமாரி பெரிசாயிட்டா அதானே பண்றோம்!" நெட்டை சிரிக்கவில்லை.

சாயங்காலங்களில் ஷெட்டுக்குள் போய், பாதி இறங்கின ஷட்டருக்குப் பின்னால், ஓடாத காரில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தார். வியாழக்கிழமை மெக்கானிக் போன் செய்தான். ஒரு ஆள் வண்டியைக் கேட்கிறானாம், ஞாயிறு காலை வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவானாம்.

"குடுத்துடுங்க" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "ஆசைப்பட்டீங்க, ஒரு வாரம் காலை நீட்டினீங்க. போதும்."

வெள்ளிக்கிழமை மச்சான் கடையில் முக்காலி மேல் ஏறி, பெயர்ப் பலகையில் கோணலாகத் தொங்கின ஒரு எழுத்தை நேராக்கினான். எழுத்து நேராயிற்று, கால் கோணலாயிற்று. தொடையிலிருந்து கால்விரல் வரை ஒரே மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு மடக்கக்கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு முதலில் வந்த வாடகைக் காரில் கால் நுழையவே இல்லை. அடுத்து வந்ததில் நுழைந்தது, கதவு சாத்தவில்லை. பாதம் வெளியே நின்றது. வாசல் காவலாளி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நுனியில ஒரு செவப்புத் துணி கட்டி அனுப்புங்கம்மா, கம்பி ஏத்தின லாரிக்குக் கட்டுவாங்களே" என்றார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் அக்கா போனை எடுத்தாள். "ஏங்க, அந்தக் கப்பலைக் கொண்டாங்க."

நெட்டை வந்தார். பின்கதவு அகலத் திறந்தது. மச்சானைத் தூக்கி உள்ளே வைத்து, முதுகை ஒரு கதவில் சாய்த்து, கட்டுப் போட்ட காலை சீட்டின் மேல் முழுசாக நீட்டிவிட்டு இந்தப் பக்கக் கதவைச் சாத்தினார்கள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, மருந்துப் பை எல்லாம் டிக்கிக்குள் போய் மறைந்தன. டிக்கி இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்கிற மாதிரி நின்றது.

பாதி வழியில் மச்சான் பதறினான். "மாமா, வேகத்தடை வரும், பாத்து! கால் வலிக்கும்!"

"மூணு தாண்டியாச்சு மச்சான்."

முன் சீட்டில் அக்கா திரும்பினாள்.

"தம்பி, இனிமே எப்பெப்ப ஆஸ்பத்திரி?"

"வாரத்துக்கு ரெண்டு நாள்க்கா."

"எதுல போவ?"

மச்சான் சீட்டின் நீளத்தைக் கையால் தடவிப் பார்த்தான்.

"உன் வீட்டு ஷெட்டு, முன்னாடி இருந்தவர் லாரி நிறுத்தினது. அதுல உன் கண்ணாடிக்கூடு ஒரு மூலையில கெடக்கு. இன்னிக்கே மாத்திக்கறோம். உன் கார் எங்க ஷெட்டுக்கு, எங்க கார் உன் ஷெட்டுக்கு. உன்னைக் கொண்டு போய்க் கொண்டு வர்றது இவரு பொறுப்பு."

"எத்தனை நாளைக்கு?"

"உன் கால் மடங்கற வரைக்கும்."

நெட்டை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். உடைந்த எலும்புக்கு மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டு, உடனே வெட்கப்பட்டு, மறுபடியும் நன்றி சொன்னார். வீடு போனதும் மெக்கானிக்குக்கு முதல் போன்: "அந்த ஆளை வர வேணாம்னு சொல்லுப்பா."

அப்படி ஓடின ஆறு வாரத்தில் அந்தக் காரின் நல்லதும் கெட்டதும் தெரிந்தது. மச்சான் வீட்டு ஷெட்டுக்குக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். பெட்ரோல் போடுகிறவன் இவரைக் கண்டால் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி சிரித்தான். டிக்கிக்கு வயிறு பெரிசு, வாய் சின்னது. துணி துவைக்கிற மெஷின் ஒன்றை ஏற்றப் பார்த்து, எப்படித் திருப்பினாலும் நுழையாமல் பட்டறை வேனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் மனைவி தூங்கிப்போனாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவர் ஓட்டி அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. எழுந்து, "இதுல ரேடியோ நல்லாருக்கு" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

மச்சான்தான் கெட்டுப்போனான். முதல் வாரம் ஒரு தலையணை கேட்டான். இரண்டாவது வாரம் இரண்டு. மூன்றாவது வாரம், "மாமா, ஜன்னலை அரை விரல் எறக்குங்க. அரைன்னா அரைதான்" என்றான். கடையை மறுபடி திறந்த பிறகு தினமும் வாசலிலேயே கொண்டு விடச் சொன்னான். வாடிக்கைக்காரர்கள் பார்க்கும்படி பின் சீட்டிலிருந்து மெல்ல இறங்குவான். "யாரு, டிரைவரா?" என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லையென்று சொல்ல அவனுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று.

ஆறாவது வாரம் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு அருமையா சேந்துடுச்சு. இன்னிக்கே கட்டைப் பிரிச்சுடலாம்."

அந்த ஆஸ்பத்திரியில் நல்ல சேதி கேட்டு முகம் தொங்கின ஒரே ஆள் நெட்டைதான். "சார், எதுக்கு அவசரம்? இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல நோயாளி யாரு?"

கால் மடங்கியது. சொன்ன சொல் சொன்னதுதான் என்றாள் மனைவி. ஞாயிறு காலை ஷெட்டு மாற்றம். காலுக்கான பயிற்சிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாலும் கால் மடங்கிவிட்டது, பேச்சு அவ்வளவுதான். நெட்டை சனிக்கிழமை முழுக்கக் காரைத் துடைத்தார். இண்டு இடுக்கு விடாமல், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பன் மாதிரி. மெக்கானிக்குக்குப் போன் செய்து, "அந்த ஆள் இன்னும் கேக்கறானா?" என்று கேட்டார். கேட்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பில் எல்லோரும் கூடினார்கள். நெட்டை பெரிய காரைக் கொண்டு வந்து ஷெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். செயலாளர் புத்தகத்தோடு முன்னமே ஆஜர். ஷெட்டிலிருந்து குட்டிக் காரை மச்சானே வெளியே எடுத்தான். குனிந்து, மடங்கி, சுருங்கி உள்ளே உட்கார்ந்தபோதே அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கினான். 'அம்மா!' என்று ஒரு சத்தம் கேட்டது. கார் நின்றது.

பிறகு கார் பின்னோக்கியே நகர்ந்து வந்து, அதே ஷெட்டுக்குள் போய் நின்றது. மச்சான் இறங்கி, ஷட்டரைத் தானே இழுத்துத் தரையில் மோதவிட்டான்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"டாக்டர் காலை மடக்கலாம்னுதான் சொன்னாரு. மடக்கிக்கிட்டே இருன்னு சொல்லலக்கா."

"அதான் எலும்பு சேந்துடுச்சே."

"எலும்பு சேந்துடுச்சு. எனக்குத்தான் இன்னும் பழகல." நெட்டையைப் பார்க்காமல் பெரிய காரின் கூரையைத் தடவினான். "மாமா, தினமும் காலையில கடை வரைக்கும் விட்டுடுங்க. என் வீட்டு ஷெட்டு உங்களுக்கே இருக்கட்டும். என் கூட்டை நான் தேவைப்பட்டா இங்க வந்து எடுத்துக்கறேன்."

நெட்டைக்கு மனசு துள்ளியது. காட்டிக்கொள்வாரா? "ஒரு கண்டிஷன். முன்னாடிதான் உக்காரணும். பின்னாடி உக்காந்து ஊருக்கு என்னை டிரைவராக் காட்டற வேலையெல்லாம் வேணாம்."

"சரி மாமா, முன்னாடியே" என்று மச்சான் முன்கதவைத் திறந்தான்.

அங்கே அக்கா ஏற்கெனவே சீட்டைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள்.

"எதுவா இருந்தாலும் வண்டியை எடுத்துட்டுப் பேசுங்க. எனக்குத் தூக்கம் வருது" என்றாள்.