உறை பிரிக்காத விண்வெளி வீரன்

எண்பதுகளில் வந்த விண்வெளி வீரன் பொம்மை ஒன்றை, உறையே பிரிக்காதது என்ற உறுதியின்பேரில் இணையத்தில் சென்னைக்காரர் ஒருவரிடம் வாங்கியிருந்தேன்.

இன்று காலண்டர் ஆர்டர் கொடுக்கச் சிவகாசி அச்சகத்துக்குப் போனால், மாதிரிகள் ஒட்டும் சுவரில் அதே பொம்மையின் உறை அட்டை.

"இது எப்ப அடிச்சது, அண்ணாச்சி?"

"போன மாசந்தான். பழசாத் தெரியணும்னாக. ஓரத்தை மஞ்சளாக்கத்தான் அம்புட்டுப் பாடு," என்றார் அச்சக உரிமையாளர் பெருமையாக.

அங்கிருந்தே விற்றவரை ஸ்பீக்கர் போனில் அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"ஒரிஜினல் சார். சந்தேகம்னா பிரிச்சுப் பாருங்க. ஆனா பிரிச்சதைத் திருப்பி எடுக்க மாட்டேன்."

கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி ஆறுதல் சொன்னார்: "தைரியமாப் பிரிங்க. திரும்ப ஒட்டித் தர நம்மகிட்ட ஆளு இருக்கு."

பிரிக்கவா, வேண்டாமா? இதே பொம்மையை வாங்கியவர்கள் சொல்லுங்கள்.