பன்வில கூரைப்பாலத்தின் பனிக்காலப் படங்கள்

ஓய்வு பெறும் வரை அரச திணைக்களமொன்றில் பிரதான புகைப்படப் பதிவாளராகக் கடமையாற்றினேன். கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள பழைய பாலங்கள், வழிப்போக்கர் தங்கும் அம்பலங்கள், களஞ்சியங்கள் பற்றிய அறிக்கைகளுக்கு என் படங்களே ஆதாரமாக இணைக்கப்பட்டன. என் படத்தை மறுத்து எவரும் ஒரு வரி எழுதியதில்லை. இன்றும் அம்பிட்டியவிலுள்ள என் வீட்டுக்குப் பொறியியலாளர்கள் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். இத்தொழிலுக்கு வரும் இளையவர்கள் கீழ்வரும் விபரங்களை இதை மனத்திற் கொண்டு வாசிக்க வேண்டும்.

1. கலண்டர்

அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் பொறியியலாளர் இரத்தினசிங்கம். யாழ்ப்பாணத்தவர், வயதில் என்னிலும் மிக இளையவர். வெளிநாட்டுக் கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கூரையிட்ட மரப்பாலமொன்று உறைபனிக்குள் நின்றது.

"அண்ணை, பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில இதே மாதிரிப் பாலம் ஒண்டு கிடக்கு. திருத்தித் தாங்கோ எண்டு அந்தச் சனம் கேட்டுக்கொண்டே இருக்கு. மேலிடத்துக்குப் படம் வேணும். தை மாசப் பனிமூட்டத்துக்குள்ள எடுத்தால் இந்தக் கலண்டர் மாதிரியே வரும்."

"கலண்டருக்குப் படமெடுத்து எனக்குப் பழக்கமில்லை, தம்பி."

"ஓம், நீங்கள் பதிவுப் படமே எடுங்கோ. ஆனால் பனிக்குள்ள எடுங்கோ. வடிவான படத்தைத்தான் மேல இருக்கிறவை கையில எடுத்துப் பாப்பினம்."

மார்கழியில் இடத்தைப் பார்க்கச் சென்றேன். வெள்ளைத் துரைமார் காலத்துப் பாலம். தகரக்கூரை துருப்பிடித்துத் துளைவிட்டிருந்தது. உத்திரமொன்றில் என் குடையை ஊன்றினேன். அதன் நுனி மரத்துக்குள் இறங்கியது. அக்கரையில் லயங்களெனும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளருக்குப் பாடசாலைக்கும் மருந்துக்கும் வேறு வழியில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் பெருமாளிடம், பொங்கல் கழிந்ததும் கெமராவுடன் வருவதாக முறைப்படி அறிவித்துத் திரும்பினேன்.

2. வரவேற்பு

சொன்ன நாளில் சென்றபோது பாலத்தின் இரு முனைகளிலும் வாழை மரங்கள் கட்டப்பட்டிருந்தன. கைப்பிடிகளுக்கு நீலப் பெயின்ட். உத்திரங்களுக்குத் தார். உளுத்த துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தார்கள். கூரையின் முன்புறத்தில் புதுத் தகரம் மின்னியது. பெருமாள் மாலையோடு நின்றார்.

"ஆர் உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றேன்.

"யாருங்க சொல்லணும்? ஐயா மாதிரி ஆளுங்க வர்றப்ப பாலம் அழுக்கா நின்னா எங்களுக்குத்தானே வெக்கம்."

அருகில் நின்ற அவருடைய மகள் புஷ்பராணி, தோட்டத்து முன்பள்ளியின் ஆசிரியை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் சொன்னேன் சார். ஓட்டையக் காட்டுனாத்தான் ஏதாச்சும் செய்வாங்கன்னு. கேக்கல. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சிக்கிட்டாரு."

"நீ சும்மா இரு புள்ள. கிழிஞ்ச சட்டையோட யாரு போட்டோவுக்கு நிப்பா?"

அவள் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஒரு எடத்துல மட்டும் நான் சொரண்டித் தரவா சார்? அப்பா அந்தப் பக்கம் போனதும்?"

வேண்டாம் என்றேன். பதிவுப் படமெடுப்பவன் பொருளின்மேல் கைவைப்பதில்லை. கைவைக்க எவரையும் அனுமதிப்பதுமில்லை. கண்ணுக்கு எதிரே உள்ளதை உள்ளவாறு எடுக்க வேண்டும். என் சேவைக்காலம் முழுவதும் காத்த விதி அது. தவிரவும், பெருமாள் தாம் பூசிய பெயின்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

3. எக்ஸ்போஷர்

பனிமூட்டத்தில் கெமராவின் ஒளிமீட்டரை நம்பலாகாது. வெண்மையைக் கண்டு அது மிரளும், படம் சாம்பலாகும். ஒளியை ஒன்றரை ஸ்டொப் கூட்டி எடுத்தேன். பெருமாள் மாலையைப் போட்டுக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்றார். ஃப்ரேமை விட்டு விலகும்படி கேட்டேன். சிரித்துக்கொண்டே விலகினார். அடிப்புறத்தையும் எடுத்தேன், தார் கறுத்த உத்திரங்கள் உறுதியான மரங்களாகவே பதிவாகின. பனிக்குள் நின்ற பாலத்தின் படம், தொழில்முறையில் குறை சொல்ல முடியாதது.

4. முடிவு

பாலம் நல்ல நிலையில் இருப்பதாகவும் திருத்தம் அவசியமில்லை என்றும் படங்களைப் பார்த்த மேலிடம் முடிவுசெய்தது. இரத்தினசிங்கத்தின் அலுவலகத்துக்கு நேரிற் சென்றேன். என் படம் பெரிதாக்கப்பட்டு அவருடைய கதிரைக்குப் பின்னால் தொங்கியது.

"உத்திரம் உளுத்துப்போய் இருக்கு. என்ரை குடை உள்ளுக்கு இறங்கினது," என்றேன்.

"படத்தில தெரியேல்லையே, அண்ணை."

"நான் சொல்லுறன்."

"நீங்கள் சொல்லுறீங்கள். உங்கடை படம் வேறை சொல்லுது. உங்கடை படத்தை மறுத்து நான் எப்பிடி எழுதுறது? எழுதினால் உங்களுக்கெல்லோ மரியாதை இல்லை."

குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

5. பங்குனி

பெருமாள் விறகுக் கட்டோடு கடக்கும்போது பாலம் முறிந்தது. கீழே பாறை. அவர் அவ்விடத்திலேயே இறந்தார். செய்தி கேட்டுச் சென்றேன். லயத்து வாசலில் வெள்ளைத்துணி கட்டி, கதிரைகள் போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்கள். எவரும் என்னைக் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் விளக்கமளித்திருப்பேன்.

புஷ்பராணி ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா தனியா நின்ன போட்டோ எங்ககிட்ட இல்ல சார். அன்னைக்கி மாலையோட நின்னாரே, அது இருக்கா?"

பதிவுப் படங்களில் மனிதர்களைச் சேர்ப்பதில்லை என்றேன்.

"ம்," என்றாள். தேநீர் கொண்டுவர உள்ளே போனாள்.

அதன்பின் நான் கெமராவைத் தொடவில்லை. இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே: படமெடுக்கச் செல்லும் நாளை முன்கூட்டி எவருக்கும் அறிவிக்காதீர்கள். மதிக்கும் மனிதர்கள் தம் குறையை உங்களுக்குக் காட்டமாட்டார்கள், மறைத்துவிடுவார்கள்.

அந்தப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதாகப் பத்திரிகைச் செய்தியிலும் திணைக்கள அறிக்கையிலும் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. பங்குனியில் அங்கே மழை பெய்யவில்லை. ஆற்றில் கணுக்கால் அளவுக்கே தண்ணீர் ஓடியது.