பெரியம்மா வண்டியும் எங்கள் களா வேலியும்

பாட்டனியில் டிகிரி வாங்குவதற்கு முன்பே நான் ஒரு நல்ல செடியைக் கெடுத்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் மனைக்கும் பெரியம்மா மனைக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை. பாதை இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் எங்கள் பக்க ஓரம் முழுக்கக் களாச்செடி வேலி. ஆளைவிட உயரம், கவடு கவடாக முள், ஒடித்தால் கையில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும் பால். ஆடி மாதம் காய் பழுத்துக் கறுக்கும். பாதியை அம்மா ஊறுகாய் போடுவாள். மீதி கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் குயிலுக்கும். தவிட்டுக்குருவிகள் மட்டும் ஏழெட்டாக வந்து, தின்பதைவிட அதிகமாகச் சண்டை போட்டுவிட்டுப் போகும்.

நான் விழுப்புரத்தில் படித்த காலேஜின் வாசலில் ஒரு வேலி உண்டு. பெட்டி பெட்டியாக வெட்டி, மேலே தட்டு வைத்தால் சாப்பிடலாம் போல சமமாக இருக்கும். கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு மாசி மாதம், போனில் நாலு ரீல்ஸ் பார்த்த தைரியத்தில், எங்கள் களாவையும் அப்படியே சீவித்தள்ளினேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன். களா பூப்பது கிளை நுனியில். மாசியில்தான் நுனியில் மொட்டு கட்டி நிற்கும். பரீட்சையில் இதை இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். வேலி பரீட்சை வைக்கவில்லையே.

அந்த ஆடியில் ஒரு காய்கூட இல்லை. குருவிகள் வந்து பார்த்தன, கத்தின, பிறகு பாதையைத் தாண்டிப் பெரியம்மா வீட்டுக் கொய்யா மரத்துக்குக் குடிபோயின.

பெரியம்மா அப்பாவின் அண்ணி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். ஐம்பது தாண்டிய பிறகு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, பஸ்ஸையும் பெரியப்பாவின் அன்றன்றைய மனநிலையையும் நம்பாமல் தானே வேலைக்குப் போகிறவர். அந்த வண்டியை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் பெரியப்பாவுக்கே பொறாமை வரும். நானோ வெட்டிய கிளைகளைப் பாதை ஓரத்திலேயே குவித்திருந்தேன். அவை காய்ந்து, முள் உதிர்ந்து, வண்டி முதல் தடவை பங்க்சர் ஆனது.

"இன்னாடி படிச்ச நீ? வேலிய மொட்ட அடிச்சிட்டு குருவிய எல்லாம் என் வூட்டுக்கு அனுப்பி வச்சிக்கிற. நான் இன்னா விருந்தா போடறேன்?"

"பெரிம்மா, அதுங்க பழம் தின்ற ஜாதி, பாவம்."

"நான் மட்டும் இன்னா கல்லு தின்றவளா?"

நான் குவியலை அள்ளி எறிந்தேன். அப்படியும் இன்னும் இரண்டு பங்க்சர். மூன்றாவது தடவை, வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவர், நேராக எங்கள் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம உன் வயலுக்கு பொக்லைன் வருதில்ல? அப்படியே இந்த வேலியையும் வேரோட வாரிடு. சொவரு கட்டிக்கலாம்."

"சரிங்க அண்ணி" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் ஒரு வேலியின் ஆயுள் இவ்வளவுதான்.

நான் குதித்தேன். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்கிட்ட கத்தாத. கெடுத்தது நீ. அண்ணி வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"பெரிம்மா, வியாழக்கெழம வரைக்கும் டைம் குடு. வேலிய ஒழுங்கா கெள கழிச்சி, பாதைய சுத்தமா பண்ணித் தர்றேன்."

"இன்னொரு தபா மொட்ட அடிக்கப்போறியா?"

"வேலி காய்ச்ச வருஷம் உன் கொய்யாவ ஒரு குருவி தொட்டிச்சா, சொல்லு. வேலிய எடுத்துட்டன்னா அதுங்க வருஷா வருஷம் உன் வூட்லதான்."

யோசித்தார். "அப்பவும் அணில் தின்னுச்சி."

"அணிலுக்கு நான் பொறுப்பு இல்ல."

சிரிப்பை மறைக்க முந்தானையை இழுத்துக்கொண்டார். "வியாழக்கெழம சாயந்தரம் நான் வண்டில மூணு தபா போய் வருவேன். டயர்ல ஒரு முள்ளு ஏறுச்சி, வெள்ளிக்கெழம வேலி காலி."

புரட்டாசி. மழைக்கு முன்னால் களாவைக் கழிக்க சரியான நேரம் அதுதான். வெட்டிய இடம் துளிர்த்து, மாசிக்குள் புது நுனி தயாராகிவிடும். முள்செடியைக் கழிக்க இரண்டு சாமான் வேண்டும். கிளையைத் தள்ளிப் பிடிக்கக் கவட்டைக் கம்பு, வெட்ட அரிவாள். இரண்டையும் ஒரே ஆள் பிடித்தால் என்ன ஆகும் என்பது செவ்வாய்க்கிழமை சாயந்தரம் என் முழங்கையில் எழுதியிருந்தது. புதன்கிழமை பெரியம்மா டீ டம்ளரோடு வந்து வேடிக்கை பார்த்தார்.

"இன்னாடி இது, வேலிக்கு பேன் பாத்துக்கினு கீற?"

"ரெண்டு கை பத்தல பெரிம்மா."

"பாக்க பாக்க பேஜாரா கீது. கம்ப இங்க குடு. ஜல்தி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கவட்டையால் ஒரு கிளையை அலேக்காகத் தூக்கிப் பிடித்தார். நான் உள்ளே குனிந்து, காய்க்காத கிழட்டுத் தண்டுகளை அடியோடு வெட்டினேன். பாதைப் பக்கம் நீட்டியிருந்ததை எல்லாம் எடுத்தேன். மற்ற நுனிகளைத் தொடவில்லை.

"அத ஏன் வுட்டுட்ட?"

"அதுலதான் பூ வரும்."

"இது போன மாசில தெரியலையா?"

நான் அரிவாளைத் தீட்டினேன்.

வியாழக்கிழமை காலை, வெட்டிய முள்ளை எல்லாம் வயலுக்கு இழுத்துப்போய், மல்லாட்டைக் கடலைச் செடியை ஆடு மேயாமல் இருக்க வரப்பில் அடைத்தேன். மிச்சம் பாதையில் உதிர்ந்த முள். விளக்குமாற்றுக்கு வராது, மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு எங்கள் பக்கத்து வைத்தியம் பழைய ரப்பர் செருப்பு. போட்டுக்கொண்டு, பாதம் அழுத்தி, பாதை முழுக்க நடக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு தரம் செருப்பைக் கழற்றிக் குத்தியிருப்பதைப் பிடுங்க வேண்டும். சாயந்தரம் வரைக்கும் நடந்தேன். யார் பார்த்தாலும் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஐந்து மணிக்குப் பெரியம்மா வண்டியை எடுத்தார். முதல் தடவை போய் வந்தார். குனிந்து இரண்டு டயரையும் தடவினார். ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, அவர் வீட்டுக் கேட்டில் திரும்பும்போது வண்டியை நிறுத்தி, முன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாடி. வந்து பாரு."

முள் குத்தி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்து பிடுங்கினேன். நுனிதான் இறங்கியிருந்தது, காற்று போகவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நீளமாக, நேராக, வெள்ளையாக, கவடு இல்லாமல். மூன்று வருஷப் படிப்பு முதல்தடவையாக உதவிக்கு ஓடி வந்தது.

"பெரிம்மா, இது களா முள்ளே இல்ல! களா முள்ளு குட்டை. கவடு வுட்டிருக்கும். இது வேலிகாத்தான் முள்ளு, சீமக்கருவேலம்."

"வேலிகாத்தான் இங்க எங்கடி கீது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அவர் கேட்டை ஒட்டி, ஆளுயரத்துக்கு, அவரே வாங்கி அடுக்கியிருந்த வேலிகாத்தான் விறகு.

முதல் பங்க்சர் என்னுடையது, சந்தேகமே இல்லை. மற்ற இரண்டும் யாருடையது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. எனக்கும் நாலு நல்ல பழக்கம் இருக்கிறது. பெரியம்மா அந்த முள்ளை என் கையிலிருந்து எடுத்து, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

"உங்கப்பன்கிட்ட சொல்லாத."

"நான் இன்னா சொல்லப்போறேன்? முள்ளே ஏறலையே."

வெள்ளிக்கிழமை காலை பொக்லைன் உறுமிக்கொண்டு பாதைக்குள் வந்தது. வேலியைக் கழித்திருந்ததால், அதை உரசாமல் போக ஒரு முழம் இடம் மிச்சம் இருந்தது. டிரைவர் இறங்கி, "எந்த வேலிண்ணே?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள், வேலைக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஹாரன் அடித்தார்.

"வேலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேரா வயலுக்கு போப்பா. அதுல ஒரு கெள ஒடிஞ்சிது, நான் சும்மா இருக்கமாட்டேன்."

"அண்ணி, நீங்கதானே…" என்றார் அப்பா.

"இன்னா நான்தானே? அதுங்களுக்கு தின்ன ஒண்ணும் வேணாமா? என் கொய்யாவதான் குடுத்துக்கினே இருக்கணுமா?"

சொல்லிவிட்டுப் பொக்லைனை முந்திக்கொண்டு பாதையில் போய்விட்டார். சாயந்தரம் திரும்பி வந்தவர், கேட்டுப் பக்கத்து விறகை எல்லாம் தனியாகவே பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையிலிருந்த கட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.