ரதீஸும் குரவைப் பாட்டும்

ரதீஸுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றம் முழுக்க நடப்பான். கிரான் ஊரில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். கத்தாரில் மாபிள் கல் பதிக்கும் வேலைக்குப் போன காலத்தில், அறையில் கூட இருந்த ஒருவன் பிரேசில் சேரிகளில் பிறந்த ஃபங்க் பாட்டுகளை ஓயாமல் போட்டான். மற்றவர்கள் காதைப் பொத்தினார்கள். இவன் தலைக்குள் அது குடியேறிவிட்டது.

ஊர் திரும்பியதும், அங்கே கூட வேலை செய்த காத்தான்குடி அக்ரமைப் பிடித்தான். ரதீஸ் போனிலேயே மெட்டுக் கட்டுவான். அக்ரம் மூச்சு விடாமல் சொல்லடுக்கிப் பாடுவான். 'வாவிப் பொடியன்மார்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஆறு பாட்டு விட்டார்கள். ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாவது பாட்டில், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கில் பெண்கள் நாக்கைச் சுழற்றி இட்ட குரவையைப் போனில் பிடித்து வந்து, மெட்டு வெடிக்கும் இடத்தில் ரதீஸ் செருகினான். ஒரு கிழமையில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். சனிக்கிழமை மேடையேற வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து அழைப்பும் வந்தது.

புதன்கிழமை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் சீனித்தம்பி ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டார்.

"அம்மாளுக்குப் போட்ட குரவைக்குச் சனத்தை ஆட விட்டிருக்கிறாய், என்ன?"

"பிழையா நினைச்சுச் செய்யல்ல மாமா."

"நினைக்காட்டியும் பிழைதான். எடு."

அன்று குரவையிட்டவர்களில் ரதீஸைப் பெற்றவளும் ஒருத்தி. பாட்டை இணையத்திலிருந்து எடுத்தான். குரவை இல்லாமல் போட்டுப் பார்த்தான், செத்துக் கிடந்தது. இதைக் கொண்டுபோய் மேடையில் போட்டால் வாவிப் பொடியன்மாரின் கதை அதோடு சரி.

"டேய், கலியாணத்துக்கு எங்கட பொம்பிளையளும் குரவை போடுறதானே! வா, உம்மாட்டக் கேப்பம்" என்றான் அக்ரம்.

அவன் தாய் ஆயிஷா உம்மா தலையில் கை வைத்தாள். "மாப்பிள்ளை இல்லாத வீட்டில சும்மா குரவை போட ஏலுமா? அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?"

"ஒருக்கா மட்டும் உம்மா. இவன் நடக்கிற நடையில எங்கட வளவு பள்ளமாயிரும்."

சிரித்துக்கொண்டே குரவையிட்டாள். ரதீஸ் போனை நீட்டிப் பிடித்தான். குரவை அடங்குமுன்னே மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு றமீஸாவின் குரல் பாய்ந்து வந்தது.

"ஆருக்குக் கலியாணம்? எனக்குச் சொல்லாம ஆருக்குக் கலியாணம்?"

அவள் கேற்றைத் திறந்து வருவதற்குள் பின்னால் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். பொண்ணு எந்த ஊர் என்று ஒருத்தி விசாரிக்கவே, அக்ரம் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். விஷயம் தெரிந்ததும் றமீஸா நன்றாக ஏசினாள். ஏசி முடித்தவள், போனில் பதிந்த தன் குரலைக் கேட்டாள்.

"இன்னொருக்காப் போடு தம்பி."

மூன்று தரம் கேட்டாள்.

"இதப் பாட்டில விடவா ராத்தா?" என்றான் ரதீஸ்.

"விடு. என்ட பேரை மட்டும் போட்டுராத, அவர் கத்துவார்."

சனிக்கிழமை பின்னேரம் மேடையில் அந்தக் குரல் முதல்தரம் வந்தபோது சனம் திகைத்தது. இரண்டாம் தரம் எங்கோ ஒருத்தி சிரித்துக்கொண்டு திருப்பிக் கத்தினாள். மூன்றாம் தரம் கம்பஸே சேர்ந்து கேட்டது, ஆருக்குக் கலியாணம் என்று. பாட்டு முடிந்தும் விடவில்லை. திரும்பப் போடச் சொன்னார்கள்.

அக்ரம் வியர்வை வடிய ஓடிவந்தான். "பாத்தியாடா சனத்தை?"

"இடப்பக்க ஸ்பீக்கர் பொக்ஸில பேஸ் வரல்ல" என்றான் ரதீஸ். வயரைத் தேடிக்கொண்டு, பாதி உடம்பு மேடைக்கு அடியிலும் பாதி வெளியிலுமாகக் கிடந்தான்.