சாயங்காலக் கோடு

நாற்பத்து மூன்று வயதில், மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நான் மறுபடியும் கர்ப்பமானேன். செய்தி கேட்டவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், அப்புறம் என் மகளைப் பார்ப்பார்கள், அப்புறம் மழை வருமா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் கால அட்டவணை போடும் பொறுப்பு பல வருடமாக என்னுடையது. ஓர் ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் போட்டதாக என்மேல் புகார் வந்ததில்லை. என் வாழ்க்கையில் அட்டவணைக்கு வெளியே நடந்தது இது ஒன்றுதான்.

ஏழாம் மாதம் முடிந்ததும் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். "உங்க வயசு ஒண்ணு, சர்க்கரை ஒண்ணு. பிள்ளையோட இதயத் துடிப்பை தினமும் பாக்கணும். ஒண்ணு இங்க வந்து படுத்துருங்க, இல்லாட்டி ஒரு மெஷின் தாரேன், வீட்டுல வச்சுப் பாருங்க."

நான் மெஷினைக் கேட்டேன்.

அது உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதிலிருந்து வரும் ஒயர்களின் நுனியில் வட்டமான ஒட்டுகள். வயிற்றைத் துடைத்துக் காயவிட்டு, படத்தில் காட்டியபடி அவற்றை ஒட்டிக்கொண்டு, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. தோலுக்கு மேலே வந்து சேரும் நுணுக்கமான மின்சாரத்தைப் பிடித்து, என் துடிப்பையும் பிள்ளையின் துடிப்பையும் தனித்தனியாகப் பிரித்து, போனில் இரண்டு கோடுகளாக வரைந்து காட்டும். கீழே ஓடுவது என் கோடு. மேலே அவசரமாக ஓடுவது பிள்ளையினுடையது. அதே கோடு ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். அங்கே ஒரு பெண் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்புவாள்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காலையில் என் கணவர் கடைக்குக் கிளம்பியிருப்பார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மின்சாரச் சாமான் கடை அவருக்கு. ஆனால் சாயங்காலம் தம்பியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, பஸ் மாறி ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். முதல் பிள்ளைக்கு அவர் இப்படி இருந்ததில்லை. அப்போது கடை புதிது.

வந்தவர் சும்மா இருக்க முடியுமா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்மாய். பொழுது சாய்ந்தால் கொசு மொய்க்கும். கொசுவர்த்திப் புகை பட்டால் எனக்குக் குமட்டும், வலைக்குள் படுத்தால் மூச்சு முட்டும். அசையாமல் படுத்திருக்கும் என்னைக் கொசு கடிப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. கடையிலிருந்து ஒரு புதிய கொசு பேட்டைக் கொண்டுவந்து, கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அத்தனை பொறுப்பைப் பார்த்த ஞாபகம் இல்லை.

காலைக் கோடுகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. சாயங்காலக் கோடு முதல் நாளே கெட்டது.

"மேடம், நேத்து சாயங்காலம் கோடு தாறுமாறா வந்திருக்கு. திடுதிடுன்னு தூக்கிட்டு, அப்புறம் பிள்ளையோட துடிப்பே கொஞ்ச நேரம் காணோம்" என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். "மெஷின் கோளாறாவும் இருக்கலாம், பிள்ளைக்குத் துடிப்பு தப்புறதாவும் இருக்கலாம். இங்கருந்து பிரிச்சுச் சொல்ல முடியல."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பகலில் நேரில் போய்ப் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது.

எழுமலையில் இருக்கும் என் நாத்தனார் போனில் காரணத்தைக் கண்டுபிடித்தார். "விளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளத்தாச்சி படுப்பாளா? நல்லாருக்கு போ." எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் விளக்கேற்றி முடித்த பிறகு படுத்துப் பார்த்தேன். கோடு அப்படியே குதித்தது. சாயங்காலக் காபியை நிறுத்தினேன். ஒட்டுகளை மாற்றினேன். கட்டிலைச் சன்னல் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் தள்ளினோம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும்தான், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். அட்டவணைக்காரி புத்தி. இத்தனை மாற்றத்திலும் நாற்காலியும் பேட்டும் கட்டிலோடு கூடவே வந்தன. அவற்றை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சாயங்காலம் மட்டும் இந்தப் பிள்ளைக்கு என்ன வருது?" என்பார் அவர், காற்றில் பேட்டை வீசியபடி.

கடைசியில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம். சரியா வரலைன்னா அட்மிட் ஆயிருங்க. தேவைப்பட்டா முன்கூட்டியே எடுத்துற வேண்டியதுதான்."

எடுத்துற வேண்டியதுதான். பிள்ளைக்கு இன்னும் மாதம் நிறையவில்லை. ஸ்கேனில் அதன் கை என் கட்டைவிரல் போலத் தெரிந்திருந்தது. அன்று முழுவதும் யார் என்ன கேட்டாலும் நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். மகள் எப்போதும்போல் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அன்று சாயங்காலம் மாட்டுத்தாவணிப் பக்கம் நெரிசலில் அவருடைய பஸ் மாட்டிக்கொண்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, மகளை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். கொசுக்கள் என் கால்களைப் பங்குபோட்டுக்கொண்டன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்தேன். பிள்ளையின் கோடு ஒரு துள்ளல் இல்லாமல் அரை மணி நேரமும் ஓடியது.

வியர்த்து விறுவிறுத்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார், "இன்னைக்கு எப்படி?"

"நல்லா வந்துச்சுங்க."

"நெசமாவா?" என்றவர் சற்று யோசித்தார். "நான் இல்லாத அன்னைக்கா?"

"அப்பா, தம்பிக்கோ தங்கச்சிக்கோ இப்பவே ஆளு தெரியுது" என்றாள் மகள்.

"நீ பேசாம இரு. நீ பொறந்தப்ப என்னயப் பாத்து அழுத அழுகை எனக்குல்ல தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். படுக்கும்போது, "என்னயக் கண்டா பிள்ளைக்குப் பதறுதுன்னு டாக்டரம்மாட்டச் சொல்லிறாத" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலைக் கோட்டுக்கு அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பரீட்சை எழுத வந்த பையன் போல உட்கார்ந்தார். கோடு அழகாக ஓடியது.

"பாத்தியா? எம் பிள்ளைக்கு என்னயப் பிடிக்கும்" என்றார். அந்தச் சந்தோஷத்தில், என் முழங்காலுக்கு மேலே பறந்த கொசுவைக் கண்டதும் கை தானாக நாற்காலிக்கு அடியில் போனது. பேட் எழுந்தது. பட்டென்று ஒரு சத்தம்.

போனைப் பிடித்திருந்த மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இன்னொருக்க அடிங்க."

"எதை அடிக்க? கொசு செத்துப்போச்சு."

"இன்னொண்ணு வரட்டும்."

அந்த வீட்டில் நாங்கள் கொசு வர வேண்டுமென்று காத்திருந்தது அன்றுதான். ஒன்று வந்தது. அவர் அடித்தார். பேட்டில் பொறி பறந்த அதே நொடியில், போனில் பிள்ளையின் கோடு பனைமர உயரத்துக்கு எழுந்து, காணாமல் போய், மெல்லத் திரும்பி வந்தது. அத்தனை நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனது, எங்கள் வீட்டுக் கொசுக்களின் சாவுக் கணக்கு.

சிரித்தால் வயிறு குலுங்கிக் கோடு கெடும் என்று அடக்கினேன். முடியவில்லை.

"இருபது வருசமா கரண்டுச் சாமான் விக்கிறீங்க. இது தெரியாதா?" என்றேன்.

"விக்கிறதுதான் என் வேலை. வாங்கிட்டுப் போயி எவன் வயித்துக்கிட்ட வச்சு அடிக்கிறான்னு நான் பாக்க முடியுமா?" என்றார் அவர். ஆனாலும் பேட்டை அப்போதே மகளுடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவள், "இருந்தாலும் இன்னைக்குச் சாயங்காலமும் சுத்தமா வந்தாத்தான் மேடம் டாக்டர் ஒத்துக்குவாங்க. பெட்டு போட்டு வச்சிருக்காங்க" என்றாள்.

சாயங்காலம் வந்தது. கொசுவும் வந்தது. நேற்றுக் கடித்த தடிப்புகளோடு நான் படுத்தேன். அவர் சட்டையைக் கழற்றினார். பனியனையும் கழற்றினார். கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, வெற்றுடம்போடு, கைகளை விரித்து உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"ரெண்டு ஆளு இருந்தா, கொசு பெரிய ஆளாப் பாத்துத்தான் போகும். நீ அசையாத."

அவர் கணிப்பு சரிதான். நாற்காலி ஆடினால் கட்டில் ஆடும், கட்டில் ஆடினால் கோடு ஆடும் என்று மகள் எச்சரித்திருந்ததால், அவர் முதுகைக்கூட உதறவில்லை. முகம் மட்டும் ஒவ்வொரு கடிக்கும் ஒவ்வொரு கோணலாகப் போனது. அதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்பதால் நான் போனை மட்டும் பார்த்தேன். பிள்ளை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "ரொம்பச் சுத்தமா வந்திருக்கு மேடம். டாக்டர் அட்மிஷன் வேண்டாம்னுட்டாங்க. மாசம் நிறையட்டும்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

நான் அதை அவரிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. அவர் இன்னும் கைகளை விரித்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"சரி" என்றார். "இப்பச் சொறிஞ்சுக்கிரலாமா?"