ஆரோக்கியசாமிக்கு ஒரு பூசை

என் மகள் செத்துப்போன வருடம் நான் மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆண்டவர்மேல் கோபம். வருத்தம் இல்லை, கோபம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது முழங்காலில் நின்று கேட்டேன். அழுது கேட்டேன். நேர்ந்துகொண்டு கேட்டேன். கிடைக்கவில்லை. தவழக்கூட ஆரம்பிக்காத பிள்ளை அது. கேட்டதைக் கொடுக்காதவரிடம் இனி என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இதே நிலையில் இருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

இது 1958-ல் நடந்தது. அதுவரை பொன்மலையில் இருந்தோம். அந்த வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் பிள்ளைதான் தெரிந்தாள். என் வீட்டுக்காரர் சூசை, புத்தூரில் வேறு வீடு பார்த்துக் கூட்டிவந்தார். புதுத் தெருவில் எனக்கு யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. குழாயடியில் யாராவது சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தைத் தூக்கி வந்துவிடுவேன். பிள்ளையின் சட்டைகள், தூளிச்சேலை, பால் புகட்டும் பாலாடை எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். அந்தப் பெட்டியை நான் திறப்பதில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சூசைக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீஸில் வேலை. ஒருநாள் சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். கையிலிருந்த சாப்பாட்டுப் பை கத்தியது.

"திரேசு, கோவிச்சுக்காத," என்றார். அவர் அப்படி ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

"பையில என்ன?"

"கூட்ஸ் ஷெட்டுல மூட்டைக்கு நடுவுல கெடந்துச்சு. தாய்ப்பூனை லாரியில அடிபட்டுப்போச்சு. ஷெட்டுக்குள்ள தண்ணி வேற ஏறுது. விட்டுட்டு வர மனசு வரல."

"நான் என்ன இங்க பூனைச் சத்திரமா நடத்துறேன்? மழை விட்டதும் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாங்க."

"சரி. மழை விடட்டும்."

மழை விடவில்லை.

நாலு குட்டிகள். கண் அப்போதுதான் திறந்திருந்தது. மூன்று நன்றாகவே இருந்தன. ஒன்று மஞ்சள், இரண்டு வரி போட்டவை. நாலாவது சாம்பல் நிறம், எலிக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வயிறு மட்டும் உப்பியிருந்தது. மற்ற மூன்றும் அதன் தலைமேல் ஏறி மிதித்துக்கொண்டு போனாலும் அது கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

பசும்பாலில் வெந்நீர் கலந்து, பஞ்சுத் திரியை நனைத்து வாயில் வைத்தேன். மூன்று குட்டிகள் சப்பின. கடைசிக் குட்டிக்குச் சப்பத் தெரியவில்லை. ஸ்பூனில் ஊற்றினால் கடைவாய் வழியாகப் போயிற்று. அப்புறம் வேறு வழியில்லாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். திறந்தேன். பாலாடையை எடுத்தேன். மறுபடி மூடக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

பாலாடையில் ஒவ்வொரு சொட்டாக விட்டதில் கொஞ்சம் உள்ளே போயிற்று. போனதும் பேதியாகி வெளியே வந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. சீசாவில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். ஆறியதும் மாற்றினேன். இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

சூசைதான் அதற்குப் பேர் வைத்தார். "ஆரோக்கியசாமி."

"ஆரோக்கியமே இல்லாத ஜென்மத்துக்கு ஆரோக்கியசாமியா?" என்றேன்.

"இனிமேதான வரணும். பேராவது முன்னாடி வரட்டுமே."

பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாட்டு டாக்டரிடம் போனேன். மாடுகள் நிற்கிற வரிசையில் நானும் நின்றேன். அவர் தொட்டுப் பார்த்தார். "மாட்டுப் பால் இதுக்கு ஒத்துக்கலம்மா. மருந்து குடுத்து ஒண்ணும் ஆகாது. பூனைப் பால் கெடைச்சாப் பொழைக்கும்."

"பூனைப் பாலுக்கு நான் எங்க போறது?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். நியாயம்தான். ஆனாலும் அவரையும் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

அது ஒரு திங்கட்கிழமை. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. குட்டி என் மடியில் கிடந்தது. மூச்சு விடுகிறதா என்று விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது வாய்விட்டுப் பேசினேன். ஜெபம் என்று சொல்ல மாட்டேன். சண்டை.

"ஆண்டவரே, உம்மகிட்டப் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னைக்குப் பெருசாக் கேட்டேன், குடுக்கல. சரி. இது எவ்வளவு இருக்கு பாரும். என் உள்ளங்கைகூட நெறையல. இதுக்கு மருந்து வேணாமாம், ஒரு தாய் வேணுமாம். நான் பெத்தவ இல்ல, என்னால ஆகாது. ஒரு தாயை அனுப்பும். இதையும் குடுக்கலன்னா இனிமே என் வாயில உம்ம பேரு வராது."

இவ்வளவுதான் கேட்டேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. அடுப்படி வாசலில் சூசை நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டார். காலைப் பூசை முடிகிற நேரத்துக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். முக்காடு போட்டபடி மூன்று பெண்கள். முன்னால் நின்றவர் எதிர்வீட்டு மதலேனம்மாள். குழாயடியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவது அவரைப் பார்த்துத்தான். பின்னால் தெருமுனை ரொட்டிக்கடை லூர்து அக்கா. இன்னொருவரை எனக்குத் தெரியாது. கையில் ஓமத்தண்ணீர், கசாய மருந்து, ஒரு சின்னக் கம்பளி.

"எங்கம்மா புள்ள? தூங்குதா?" என்றார் மதலேனம்மாள்.

"எந்தப் புள்ள?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? ஆரோக்கியசாமிதான். பூசைக்கு முன்னாடி சாமியார் வாசிச்சாரே. சூசை வீட்டு ஆரோக்கியசாமி கடும் நோயில விழுந்து கெடக்கான், இந்தப் பூசை அவன் சுகத்துக்காகன்னு. கோயில் முழுக்க வேண்டிக்கிட்டோம்."

எனக்கு விளங்கிவிட்டது. விடியற்காலையில் என் வீட்டுக்காரர், பூசைக்குப் பேர் எழுதிக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் போய், ஆரோக்கியசாமிக்கு ரொம்ப முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அது பூனை என்று இவர் சொல்லவில்லை. கோயில்பிள்ளையும் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? எங்கள் ஜனத்தில் தெருவுக்கு நாலு ஆரோக்கியசாமி.

உள்ளே கூட்டிப் போய்த் துண்டை விலக்கிக் காட்டினேன்.

மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அடிப் பாவி!" என்றார் மதலேனம்மாள். "பூனையா? பூனைக்கா பூசையில பேரு வாசிச்சாரு? ஈரத் தரையில முழங்கால் போட்டு அம்பத்து மூணு மணி ஜெபமாலை சொன்னேன்டி நானு!"

"வேணாம்னா திருப்பி எடுத்துக்கங்க," என்றேன்.

"வாயப் பாரு! புள்ளன்னு நெனச்சு ஓடி வந்தா..."

"இந்த வீட்டுல புள்ள இல்ல," என்று கத்தினேன். "இருந்துச்சு. போயிருச்சு. இப்ப இருக்கறது இதுதான். இதுவும் போகப் போகுது. பாத்தாச்சுல்ல, போங்க."

மதலேனம்மாள் போகவில்லை. அவர் பார்வை கட்டிலுக்குக் கீழே திறந்து கிடந்த பெட்டிமேல் போயிற்று. சின்னச் சட்டைகளைப் பார்த்தார். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

லூர்து அக்கா மட்டும் குனிந்து குட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கு என்ன குடுக்குற?"

"பசும்பால். ஒத்துக்கல. பூனைப் பால்தான் வேணுமாம்."

அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க கடைப் பூனை குட்டி போட்டிருந்துச்சு. முந்தாநாள் ஒரு கடுவன் பூனை வந்து எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுருச்சு. அது பால் கட்டிக்கிட்டு மாவு மூட்டை மூட்டையா மோந்துக்கிட்டுக் கத்துது. கேக்க முடியல. தூக்கிட்டு வரட்டுமா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை என்ன கேட்டேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் சூசைக்கும் மட்டும்தான் தெரியும்.

பூனையை ரொட்டிக் கூடையில் வைத்து மூடிக் கொண்டுவந்தார். பெரிய கறுப்புப் பூனை, மீசையெல்லாம் மைதா மாவு. திறந்ததும் என் கையில் பிறாண்டிவிட்டு மூலையில் போய்ச் சீறியது. அது குட்டி போட்டிருந்த சாக்கையும் அக்கா கையோடு கொண்டுவந்திருந்தார். அந்தச் சாக்கால் நாலு குட்டிகளையும் நன்றாகத் துடைத்து, அதன்மேலேயே போட்டார். மூன்று குட்டிகள் கத்தின. பூனை காதை நிமிர்த்தியது. வந்தது. மோந்தது. படுத்தது. மூன்றும் முட்டிமோதிக் குடித்தன.

ஆரோக்கியசாமி போகவில்லை. போகத் தெரியவில்லை. போட்ட இடத்திலேயே கிடந்தது. தூக்கிப் பூனையின் மடியில் வைத்தாலும் நழுவி விழுந்தது.

பூனை எழுந்தது. அதன் கழுத்தைக் கவ்வியது. கவ்விக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"கொல்லப் போகுது!" என்று நான் விளக்குமாற்றை எடுத்தேன். மதலேனம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருடி. தாய் தூக்குற மாதிரிதான் தூக்குது. பாரு."

பூனை அறையைச் சுற்றி வந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. திறந்திருந்த பெட்டிக்குள் ஏறி, என் மகளின் தூளிச்சேலைமேல் குட்டியை வைத்தது. நக்கியது. தலையிலிருந்து வால்வரை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவ்விவந்து போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியசாமியின் வாய் அசைந்தது.

நாங்கள் நாலு பேரும் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அழுதேன். மதலேனம்மாளும் அழுதார். என் பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். புத்தூரில் அந்தப் பேரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

குட்டி பிழைத்தது என்று தெரிந்த பிறகு சாமியாரைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொல்லி, "தப்புன்னா திட்டுங்க சாமி. ஆனா மன்னிப்புக் கேக்க வரல," என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பழைய தமிழ்ல பூனைக்குப் பூசைன்னு ஒரு பேரு உண்டும்மா. பூசைக்கே பூசை வெச்சிட்டேன் போல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மிருகத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்க எனக்கு அனுமதி இல்ல. ஆனா அந்தப் பூசை வீணாப் போகல. அந்த வீட்டுல நோயாக் கெடந்தது யாரோ, அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு."

ஸ்ரீரங்கத்தில் சூசையோடு வேலை செய்கிற ஐயங்கார் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "குட்டி ஒண்ணும் பண்ணலை பாத்தேளா, தாய்தான் கவ்விண்டு போச்சு. எங்காத்துல இதைத்தான் சரணாகதிங்கறது. என்ன இருந்தாலும் எங்க ஊர்ப் பூனைக்குட்டின்னா!" என்றாராம். அவர் சம்பிரதாயம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கையை உதறிவிட்டுக் கிடந்தேன். அவர்தான் வந்து கவ்விக்கொண்டு போனார்.

இப்போது சில வருடங்கள் ஆகிவிட்டன. என் மகள் திரும்பி வரவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவரிடம் இன்னமும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலில் இருந்துகொண்டு கேட்கிறேன். மதலேனம்மாள் பக்கத்தில் இருக்கிறார். நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் சட்டைகளைத் தெருவில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன். தூளிச்சேலை மட்டும் பூனைக்கு.

உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வந்தால், அழகாக ஜெபம் சொல்ல வரவில்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் திறங்கள். நான் திறந்த கதவுக்கு வெளியே ஆண்டவர் அனுப்பிய ஆட்கள் ஓமத்தண்ணீரோடு நின்றிருந்தார்கள்.

ஆரோக்கியசாமி ரொட்டிக்கடையில்தான் பாதி நேரம் கிடக்கிறான். தொந்தி விழுந்துவிட்டது. மதலேனம்மாள் குழாயடியில் என்னைப் பார்த்ததும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்கிறார்: "என்னடி, நான் முழங்கால் தேய வேண்டிக்கிட்ட மகன் சௌக்கியமா?"

சௌக்கியம், ஆண்டவருக்குத் தோத்திரம்.